கோட்டைக் கல்யாணம்

கனடாவில் யூனியன்வில்லுக்கு வடக்கே, விக்டோரியா மகாராணி காலத்து மரஆலை முதலாளி ஒருவர் தன் பவிசைக் காட்டக் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. சண்டையே பார்க்காத கோட்டை. வெளியே கல்லும் கோபுரமுமாக ஒரே வீறாப்பு. உள்ளே சுவரும் கூரையும் மரம். மண்டபத்தின் ஒரு பக்கம் குளிர்காயும் பயர்பிளேஸ் இருக்கிறதே என்று எதிர்ப்பக்கமும் அழகுக்கு ஒன்று வைத்தார் மனுசன். அதற்குப் புகைபோக்கி கிடையாது. பலகைக்குப் பளிங்கு மாதிரிப் பெயின்ற் அடித்த வெறும் போலி.

அங்கே கல்யாணங்களுக்குப் பொறுப்பு நம்ம தமிழ்ப் பிள்ளை பேர்ணடெற். நெருப்புக் கொளுத்தும் சடங்கு வேண்டாம் என்று மனேஜர் மரியோ இழுத்தடித்தபோது, தன் தலையைக் கொடுத்து நம்மவர்களுக்குக் கதவு திறந்துவிட்டவள். அதில் அவளுக்குப் பெரிய பெருமை.

அன்று வோபர்னில் இருக்கிற பத்மநாதனின் மகள் அட்சயாவுக்குக் கல்யாணம். பேர்ணடெற் ஓமகுண்டத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. கோட்டை விட்டது ஆலாத்தித் தட்டில்தான். மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்த மாமி குணவதி, கற்பூரம் எரிய எரியத் தட்டோடு தடுமாறினாள். வாயால் ஊதி அணைக்கக் கூடாதே. நெருப்பு வைக்கக் கட்டின இடம்தானே என்று போலிப் பயர்பிளேசுக்குள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். அவளை யார் குற்றம் சொல்வது?

மணம் மூக்கில் ஏறிப் பேர்ணடெற் ஓடி வந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. ஆனால் பின்பலகை கருகி, புகை உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. பலகைக்குப் பின்னால் கூரை வரை வெற்றிடம் என்பது அவளுக்குத் தெரியும். தலைக்கு மேலே சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

சுவரிலிருந்த தீ அலார்மில் கை வைத்தவளைப் பத்மநாதன் வந்து மறித்தார்.

"பிள்ளை, நல்ல நேரம் முடியப்போகுது. தாலியைக் கட்டட்டும். அஞ்சு நிமிசம்."

"அங்கிள், சுவருக்குள்ளை நெருப்பு."

"ஒண்டும் தெரியேல்லையே. உதை இழுத்தியெண்டால் எங்கடை சனம் இனி உன்ரை முகத்திலை முழிக்காது."

அவள் இழுத்தாள்.

பட்டும் நகையுமாகச் சனம் முழுக்கக் கார் பார்க்கிங்கில் நின்றது. சுபகாரியத்தில் உது என்ன சகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். நேரம் தப்புவதற்குள், பயர் ட்ரக் பக்கத்திலேயே தாலி ஏறியது. அதற்கு முன்னால் அட்சதைத் தட்டு ஆளாளாகச் சுற்றிவந்து, பேர்ணடெற்றை மட்டும் தாண்டிப் போனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தீயணைப்புக்காரர் வந்து அவளிடமும் மரியோவிடமும் ஆங்கிலத்தில் சொன்னார்: மணவறைக்கு நேர் மேலே கூரை உத்தரம் உள்ளுக்குள் எரிந்திருக்கிறது. கொஞ்சம் பிந்தியிருந்தால் மணமக்கள் தலையில் இறங்கியிருக்கும்.

என்னவாம் என்று பத்மநாதன் தூரத்திலிருந்து கையால் கேட்டார். அவர் காலில் விழுந்து கும்பிட மகளும் மருமகனும் அப்போதுதான் குனிந்தார்கள். தாலி கட்டிய கையோடு சொல்கிற பேச்சா அது?

"ஒண்டுமில்லை, அங்கிள். சின்னப் புகைதான்."

"நான் அப்பவே சொன்னனான்," என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினார் பத்மநாதன்.