வளராத மீன்கள்

நெடுமாறனுக்கு முத்தியால்பேட்டையில் வீடு. வேலை, ஊருக்கு மேற்கே ஒரு சாயக் கம்பெனியில். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு ஆபரேட்டர். டிப்ளமோ முடித்துச் சேர்ந்த புதிதில், தண்ணீரை முகர்ந்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். இப்போதும் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாகப் பதிவேட்டில் தினமும் 'நீரின் தரம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

உண்மையில், கழிவுநீர்த் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் பாதி நாள் ஓடாது. கரண்ட் பில் ஏறுகிறது என்று மேனேஜர் ஜானகிராமன் நிறுத்தச் சொல்லிவிடுவார். மதில் முழுக்கப் பச்சை பெயிண்ட் அடிக்க மட்டும் கம்பெனிக்கு மனசு தாராளம். வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி. சுத்தம் செய்த தண்ணீர் குழாய் வழியாக அதில் விழும். உள்ளே சிவப்பு மீன்கள் நீந்தும். 'எங்கள் கழிவுநீரில் ஆறு ஆண்டுகளாக வாழும் மீன்கள்' என்று பலகை வேறு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுவார்கள், அதுகளும் கைதட்டும். வருடாவருடம் ஒரு விருது, மீன் படம் போட்ட ஒரு ஆண்டு மலர்.

அந்த மீன்கள் பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம். செத்ததை அள்ளிவிட்டுப் புதுசு விடுவதும் நெடுமாறன் வேலைதான். பெரிய மார்க்கெட் பக்கம் கரீம் பாயின் வண்ணமீன் கடையில் வாங்குவார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று ஒவ்வொரு முறையும் அதே சிவப்பு, அதே நடுவிரல் நீளம். இந்த விஷயத்தில் மனுஷன் படு கவனம்.

கம்பெனிக்குப் பின்தெருவில் அவருடைய அக்கா தையல்நாயகி குடியிருக்கிறாள். போன வருடத்திலிருந்து அவள் வீட்டு போர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. தெருவே சேர்ந்து மனு எழுதியது, முதல் கையெழுத்து அக்காவுடையது. தம்பியிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மனுவை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பூர்ணிமா. கேட்டில் பத்து நிமிடம் பெயர் எழுத வைத்தார்கள். அதற்குள் மோட்டார் ஓடிவிட்டது, மீன் தொட்டியில் நல்ல தண்ணீரும் நிரம்பிவிட்டது. அவர் பாட்டிலில் கழிவுநீர் பிடித்துக்கொண்டார். சோதனையில் அது கெட்டு வந்தாலும் 'அன்று மட்டும் மோட்டார் பழுது' என்று கம்பெனி ஒரு கடிதம் நீட்டும். முன்பும் நீட்டியிருக்கிறது.

போகிற போக்கில் மீன் தொட்டி முன்னால் நின்றார் பூர்ணிமா. வரவேற்பறையில் எடுத்த ஆண்டு மலர்கள் கையில் இருந்தன.

"ஆறு வருஷத்துப் படமும் பாத்தேன். மீனு ஒரு இன்ச்சு கூட வளரலையே, ஏங்க?"

 ஜானகிராமன் நெடுமாறன் தோளில் கை போட்டார். "இவருதான் மேடம் இன்சார்ஜ். எல்லாக் கையெழுத்தும் இவருது. இவரையே கேளுங்க."

தோளில் விழுந்த கையின் எடை நெடுமாறனுக்குப் புரிந்தது. பக்கத்து மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது. ஆறு வருடத்துக் கையெழுத்தில் ஒன்றில்கூட ஜானகிராமன் பேர் இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை.

"பயப்படாம சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார் பூர்ணிமா. நல்ல மனுஷிதான். ஆனால் எழுதினால் அது யார் தலையில் விடியும் என்று நெடுமாறனுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீர் நிறைந்த அக்கா வீட்டுக் குடம் கண்ணில் வந்தது.  வெட்கமாக இருந்தது.

"தொட்டி சின்னது மேடம். அதான் வளரல."

பூர்ணிமா ஆண்டு மலர்களைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "சரி, பெரிய தொட்டியா வைங்க. மூணு மாசம் கழிச்சு வருவேன். வளந்திருக்கணும்."

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே அக்காவின் போன் வந்துவிட்டது.

"தம்பி, மேடம் வந்தாங்களாமே. உன்ன எதாச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா."

"நீ என்னா சொன்ன?"

"ரோட்ல இருக்கேன்க்கா. அப்புறமா பேசுறேன்."

அவர் நின்றது கரீம் பாய் கடை வாசலில். பாய் வலையைக் கையில் எடுத்துக்கொண்டே, "அதே சைஸுதானேண்ணே?" என்றார்.

"இல்ல பாய். அதே சிவப்பு, ஒரு விரக்கடை பெருசா குடுங்க." வலை தொட்டிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: "அடுத்த வாட்டிக்கு, இதவிடக் கொஞ்சம் பெருசா எடுத்து வைங்க."