உள்ளங்கைச் சீனியும் பாஸிவ் வாய்ஸும்

போன சனிக்கிழமை நான் ஒரு சுற்றுலாப் பயணி. அதுவும் கண்டிக்குப் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்த கலஹாவிலேயே!

அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வெளிநாட்டுக்காரர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுகிறார்கள். அப்படி வந்த ஒரு கூட்டத்தின் பின்னால், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நானும் நடந்தேன். "இந்தியாவிலிருந்து வந்தீர்களா?" என்று ஒருவர் இங்கிலிஷில் விசாரித்தார். "இல்லை, அங்கிருந்து" என்று ஜன்னல் வழியே எங்கள் லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, காட்டினேன்.

நான் போனது தேயிலையைப் பார்க்க அல்ல. முன்னால் நின்று விளக்கம் சொன்ன புஷ்பத்தைப் பார்க்க.

புஷ்பம் என் அத்தை மகள். என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். ஆனால் அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்கிறாள். மூக்கு, தலைமுடி, கண் இமை... எல்லாம் தூசி. கைடு வேலைக்கு எப்போதும் கண்டி டவுன் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். லயத்துப் பிள்ளை ஒருத்திகூட அந்த இடத்தில் நின்றதில்லை. புஷ்பம் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல் டீமேக்கர் — தொழிற்சாலைக்குள் அவர் வைத்ததுதான் சட்டம் — சனிக்கிழமை ஒருதடவை செய்து காட்டச் சொன்னார். சரிவந்தால் கைடு. சொதப்பினால் பழையபடி தூசி அறை.

அவள் மனப்பாடம் செய்ய வேண்டிய இங்கிலிஷ் பேச்சு முழுக்கப் பாஸிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டுவினை. கொழுந்து பறிக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, உலர்த்தப்படுகிறது... மனித நடமாட்டமே இல்லாத தோட்டம் போல!

என்னிடம் ஓடிவந்தாள். வேறு எங்கே போவாள்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை அடிக்கடி எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். மன்னிக்கவும் — இன்னும் எழுதுவேன். இப்போது இங்கிலிஷ் டீச்சர் வேறு!

எனக்குச் சொல்லித்தந்தபடியே அவளுக்கும் சொல்லித்தந்தேன். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, வினையை மாற்று, 'பை' போடு, ஆளைக் கடைசியில் தள்ளு. புஷ்பம் தலையாட்டினாள். பிறகு கம்பீரமாகச் சொன்னாள்: "தி விமன் ஆர் ப்ளக்ட் பை தி டீ!"

"அடியேய், பொம்பளைங்கள தேயில பறிக்குதுன்னு சொல்றடி!"

"அதுவும் உண்மதான். எங்கம்மா முதுகப் பாத்தா தெரியும்."

சிரித்து முடித்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "சரி, இந்தக் கூத்து எதுக்கு? பறிக்கிறவங்க பறிக்கிறாங்கன்னு நேராச் சொன்னா என்னா?"

எத்தனை பரீட்சை எழுதியிருப்பேன்! எப்படி மாற்றுவது என்று தெரியும். எதற்கு மாற்றுவது? யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கையில இருந்து சட்டி விழுந்து உடைஞ்சா அத்தைக்கிட்ட என்னா சொல்லுவ?" என்றேன்.

"சட்டி உடைஞ்சிருச்சும்மான்னு சொல்லுவேன்."

"யாரு உடைச்சா?"

"அத எதுக்குச் சொல்லணும்? ஒத வாங்கவா?"

"அதுக்குத்தான்டி பாஸிவ் வாய்ஸ்!"

இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உடைந்தது வேறு, உடைக்கப்பட்டது வேறு... எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் செய்கிற காரியம் ஒன்றுதானே? செய்த ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவது. ஆள் யாரென்று தெரியாதபோதும், தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்னும்போதும் பாஸிவ் நல்ல பிள்ளை. ஆனால் அறிவித்தல் பலகைகளைப் பாருங்கள். தண்ணீர் நிறுத்தப்படும். அலுவலகம் மூடப்பட்டுள்ளது. யார் நிறுத்தியது, யார் மூடியது? ஆளே கிடையாது!

புஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு ஒரு வசனமும் தடுமாறவில்லை.

சனிக்கிழமையும் தடுமாறவில்லை. உருட்டும் இயந்திரத்தின் இரைச்சலை மீறி அவள் குரல் கணீரென்று கேட்டது. டீமேக்கர் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக விருந்தினர் அறை. வெள்ளை விரிப்பு, பூப்போட்ட கோப்பைகள், பால், சீனி. இன்னும் ஐந்து நிமிடம் தாண்டினால் போதும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டார், "நீங்கள் தேநீரை எப்படிக் குடிப்பீர்கள்?"

"டீ இஸ் டிரங்க் வித் மில்க்..." என்று புஷ்பம் மனப்பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"நோ, நோ. யூ! உங்கள் வீட்டில், நீங்கள்?"

அது பேச்சில் இல்லாத கேள்வி. புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் பால் சேர்க்காத பிளேன்டீயில் சீனி போட்டுக் கலக்குவது விருந்தாளிக்கு மட்டும். எங்களுக்கு, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. வெளியாள் வரும் சத்தம் கேட்டால் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொள்வோம். அதைப் போய் இந்தப் பூப்போட்ட கோப்பைகளுக்கு முன்னால்...

புஷ்பம் மேசைக்கு நடந்தாள். பாலை ஒதுக்கி வைத்தாள். ஒரு கரண்டி சீனியை எடுத்து உள்ளங்கையில் கொட்டினாள்.

"ஐ டிரிங்க் லைக் திஸ்."

நக்கினாள். ஒரு மடக்கு குடித்தாள்.

"என்னா புள்ள இது!" என்று டீமேக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தொப்பிக்காரப் பெண்மணி கையை நீட்டினார். பக்கத்தில் நின்றவர் நீட்டினார். பிறகு ஒரே கைகள்! புஷ்பம் வரிசையாகச் சீனி கொட்டிக்கொண்டே போனாள். "நோ, நோ, ஸ்மால் லிக்!" என்று ஒரு பெரியவரை அதட்டினாள். அவர் தாடியெல்லாம் சீனி. அறை முழுக்கச் சிரிப்பு.

பஸ் ஏறிப் போகும்வரை அவர்கள் அவளைச் சூழ்ந்து நின்று படம் எடுத்தார்கள். போனபிறகு டீமேக்கர் கிட்டே வந்தார்.

"அந்தச் சீனிக் கத நான் குடுத்த பேச்சுல இல்லையே?"

"இல்லைங்கய்யா."

"ம்... திங்கக்கிழம வர்றவங்களுக்கும் காட்டு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். புஷ்பம் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் கைப்பை எங்கேயோ பறந்தது.

இருவரும் லயத்துக்கு ஓடினோம். கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடி, வேல கெடைச்சிருச்சா?"

புஷ்பம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கெடைக்கலம்மா. நான் வாங்கிட்டேன்!"