வலப்பக்கம் மேலே வந்த கிமோனோ

சித்தப்பா டவுன்டவுனில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் குசினியில் மீன் வெட்டுகிறவராக இருந்தார். அந்த ஒரே தகுதியில் எங்கள் வீட்டில் ஜப்பான் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. அங்கே நிலநடுக்கம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை, ஜப்பானியர்களின் பண்பாட்டு நாளுக்குப் போய்க் கிமோனோ உடுத்திப் படம் எடுக்கலாம் என்று அவர் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மா உடனே “ஓம், போவம்” என்றதுதான் ஆச்சரியம். கடைக்குக்கூட அம்மாவைக் கிளப்புவது கடினம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஒப்பரேசன். வயிற்றில் ஒரு கட்டி, சின்ன விசயம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா, அப்பா இருவருடைய படிப்பும் இடம்பெயர்வுகளுக்குள் எங்கேயோ நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்காரக் கிடைத்த முதல் ஆள் நான். அதனால் பிரெஞ்சில் யார் என்ன சொன்னாலும், வீட்டுச் சொந்தக்காரரிலிருந்து பஸ் சாரதி வரை, மொழிபெயர்ப்பது என் வேலை. டாக்டரிடம் மட்டும் என்னைக் கூட்டிப்போகவில்லை. சித்தப்பாவைக் கூட்டிப்போனார்கள். சித்தப்பாவின் பிரெஞ்சு மீன்களின் பெயர்களோடு முடிந்துவிடும். அவரை நம்பிக் கூட்டிக்கொண்டு, என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்களே, அந்த இடத்தில்தான் பயம் எனக்குள் நுழைந்தது.

அப்பாவுக்கு அன்று நகருக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை. நாங்கள் மூன்று பேரும் வீடு இருந்த வில்லரேயிலிருந்து மெட்ரோவில் போனோம். அம்மா மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர்க்கோட்டு போட்டிருந்தார்.

“அண்ணி, நாங்கள் போறது கிமோனோ உடுக்க. கலியாண வீட்டுக்கில்லை,” என்றார் சித்தப்பா.

“எனக்குத் தெரியும். நீர் பேசாமல் வாரும்.”

மண்டபம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. காகிதப் பூக்கள் கட்டிய கிளை, சிவப்புக் காகிதக் குடை, ஒரு மடக்குத் தட்டி. அதன் முன்னால் கமராவும் விளக்குகளுமாக ஒரு படப்பிடிப்பாளர். உடுத்திவிடுவதற்கு மூன்று பெண்கள்தான் நின்றார்கள், வரிசையோ வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. எனக்கு ஒருத்தி நீலக் கிமோனோவைக் கட்டிவிட்டாள். அம்மா தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. “சீலை உடுக்கிறவளுக்கு இதென்ன பெரிய விசயமே” என்று மறைப்புக்குப் பின்னால் போய், சேலையைக் களைந்து மடித்துவைத்துவிட்டு, தானே உடுத்திக்கொண்டு வந்தார்.

உண்மையிலேயே வடிவாக உடுத்தியிருந்தார். சேலைத் தலைப்பு வலப்பக்கத்திலிருந்துதானே மார்புக்குக் குறுக்காக வந்து இடத்தோளில் ஏறும். அம்மாவின் கைகளுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். அதே வழியில் கிமோனோவின் வலப்பக்கத்தைக் கொண்டுவந்து இடப்பக்கத்துக்கு மேலே போட்டு, பட்டியை இறுக்கியிருந்தார்.

“அண்ணி, ஜப்பான்காரி தோத்தாள்,” என்றார் சித்தப்பா, அதிகாரியின் குரலில்.

அம்மாவும் நானும் குடையைப் பிடித்தோம். குடைக்கம்பி என் காதுக்குள் குத்த நான் கத்தினேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கணம் பார்த்துப் படம் எடுபட்டது.

தட்டிக்கு முன்னாலிருந்து விலகும்போதுதான் எனக்கு உடுத்திவிட்ட அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்து குனிந்து, பட்டியை அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மறுபடி கட்டினாள். ஏன் என்று நான் பிரெஞ்சில் கேட்டேன். அவள் தயங்கினாள். பிறகு, குழந்தைக்குத்தானே சொல்கிறோம் என்று மெல்லச் சொன்னாள். இடப்பக்கம்தான் எப்போதும் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை.

“என்னவாம் அப்பன்?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று அம்மாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“இப்பிடிக் கட்டினால்தான் வடிவாம்,” என்றேன்.

“நான் கட்டினது அப்ப வடிவில்லையோ?” என்று அம்மா சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். உடுப்பைத் திருத்திவிட்டாள். எடுத்த படத்தைத் திருத்துவது யார்? செவ்வாய்க்கிழமைக்கு முன்னால், செத்தவர்களின் உடுப்பில், அம்மா சிரித்தபடி அதற்குள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நானும் நின்றேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கிமோனோவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பச்சைத் தேநீர் தந்தார்கள். நான் குடிக்கவில்லை. வரிசை முடிந்து விளக்குகளை அணைக்கப் போகிற நேரம் அம்மா மறைப்புக்குள் போய்த் தன் சேலையை உடுத்திக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஆளிட்டைக் கேள், என்னைத் தனியா ஒண்டு எடுப்பாரோ எண்டு. குடை, பூ ஒண்டும் வேண்டாம். முகம் வடிவாத் தெரியவேணும்.”

நான் கேட்டேன். அவர் நல்ல மனிதர். தட்டியை நகர்த்திவிட்டுச் சாம்பல் நிறத் துணியின் முன்னால் அம்மாவை உட்கார வைத்தார். நானும் போய் அருகில் நின்றேன்.

“நீ தள்ளு அப்பன். இது அம்மா மட்டும்.”

அது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் சேலை உடுத்திய அம்மாவைக் கண்டதில் எனக்கு நிம்மதிதான் பெரிது. கெட்ட படத்துக்கு மேலே ஒரு நல்ல படம் எடுத்தாயிற்று, கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சித்தப்பா ஜப்பானைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்திவிட்டு, என் கோட்டின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார்.

மறுநாள் அவரே இரண்டு படங்களையும் அச்சடித்துக்கொண்டு வந்தார். அம்மா குடைப் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினார். சேலைப் படத்தை அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்தார். எனக்குத் தலைகீழாகப் பட்டது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். திங்கட்கிழமை பள்ளியால் வந்ததும் குடைப் படத்தைக் கழற்றி என் உலகப்படப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். சேலைப் படத்தை எடுத்துவந்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

அப்பா வேலையால் வந்து, தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனவர் அப்படியே நின்றார்.

“இதை ஆர் இங்கை வைச்சது?”

அப்பா எங்களிடம் குரல் உயர்த்துகிறவர் அல்ல. நான் மேசைக்கு அடியில் போகலாமா என்று பார்த்தேன். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே, “விடுங்கோ. பிள்ளை ஆசைக்கு வைச்சிருக்குது,” என்றார். அப்பா தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை விடியவே இருவரும் போய்விட்டார்கள். போவதற்கு முன் அம்மா தாலிக்கொடியைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்ததை நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நகை போடக்கூடாதாம். எனக்கு அப்போது அது தெரியாது. என்னைப் பார்த்துக்கொள்ள வந்த சித்தப்பா, உணவகத்தில் செய்வதுபோல மீன்சோறு உருட்டித் தருகிறேன் என்று அரிசியைப் போட்டார். நான் சாமிப் படத்தடியிலிருந்து ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து, காந்தத்துக்குள் செருகி, அம்மாவின் சேலைப் படத்துக்கு மேலே வைத்தேன். கொஞ்சம் திருநீறும் பூசினேன். கையைக் கூப்பினேன். கிமோனோக் கட்டின குற்றத்தை இந்தப் படம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுதல்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பூவையும் படத்தையும் பார்த்தார். அடுப்பை நிறுத்தினார். கோட்டைக்கூடப் போடாமல் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனார். சிகரெட் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் சோறு இறுகிவிட்டது. வந்தவர் முதல் வேலையாகப் பூவை எடுத்து என் கையில் தந்தார். “பூவைச் சாமிக்கு வை, ராசா. அண்ணிக்கு வேண்டாம்.” கண்கள் சிவந்திருந்தன. குளிர் என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. அம்மா கண் முழித்துவிட்டார் என்றார் அப்பா. கட்டி கெட்டது இல்லையாம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் படம்தான் காப்பாற்றியது என்பதில் எனக்கு வருடக்கணக்காகச் சந்தேகமே இருக்கவில்லை.

போன மாதம் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் காலமானார். மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும். படித்தவன் என்று அந்த வேலையும் என்னிடம் வந்தது. தனியாக எடுத்த ஒரு படமும் அவருக்கு இல்லை. யாருடையதோ பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் நின்ற அவருடைய முகத்தை, பக்கத்தில் நின்ற மனைவியின் தோளோடு சேர்த்து, நான் கணினியில் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“பாவம், அந்த மனிசன் ஒண்டு எடுத்து வைச்சிருக்கலாம். என்னாலை உங்களுக்கு இந்தக் கரைச்சல் வராது. என்ரை அப்பவே எடுத்து வைச்சாச்செல்லே.”

சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சாம்பல் நிறத் துணி. முகம் வடிவாகத் தெரிய வேண்டும். அம்மா மட்டும். அதைப் பிரெஞ்சில் கேட்டுக்கொடுத்தது நான்.

சித்தப்பாவுக்குச் சிகரெட் பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.