முஷ்டி அளவு

"கையை மடக்கு" என்பாள் ஹெப்சி. இடுப்பளவு, காலளவெல்லாம் அதற்குப் பிறகுதான். கால்சட்டை தைக்க வந்தவன் முஷ்டியை மடக்கி நீட்ட வேண்டும். அதைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி, முடிச்சுப் போட்டு உருவி, சன்னலோரத்து ஆணியில் மாட்டிவிடுவாள். எங்கள் வாப்பிங் ஆற்றுத்துறையில் கப்பலிலிருந்து சர்க்கரை இறக்குகிறவர்களில் அறுபது எழுபது பேருடைய முஷ்டி அந்த ஆணியில் வளையம் வளையமாகத் தொங்குகிறது. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். என்னுடையதும் அங்கேதான் இருந்தது.

கால்சட்டையின் உள்ளே தொடையை ஒட்டி அவள் தைக்கும் பையில் மூடிய கை தாராளமாகப் போய்வர வேண்டும். தைத்து முடித்ததும் தன் முஷ்டியை உள்ளே விட்டு நாலு முறை குத்திப் பார்ப்பாள். தையல் விட்டுக்கொடுத்தால் முழுவதையும் பிரித்துவிடுவாள். வாயில் எப்போதும் ஊசிகள் இருக்கும், பேச்சு அவற்றின் இடுக்கு வழியாகத்தான் வரும். ஒரு வேடிக்கை, சர்க்கரைக்காரர்களுக்குத் தைத்தே பிழைக்கிறவள் தன் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

கப்பலின் அடித்தளத்தில் பீப்பாய் உடைந்து சிந்தும் சர்க்கரை, இறக்குகிறவனுக்கு. மேஸ்திரி கூலியைக் குறைக்கும்போதெல்லாம், "அதான் கீழ கெடக்குதே, அள்ளிக்க" என்றுதான் சமாதானம் சொல்வான். என் அப்பா அள்ளினார், நான் அள்ளினேன். யாரும் அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கவில்லை.

போன கோடையில் பெயர் வைத்தார்கள். ஆற்றுக்கென்று புதிதாகக் காவல் வந்தது. வேலை முடிந்து படித்துறை ஏறுகிறவனை நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். உள்பை வைத்த உடுப்பே கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். கப்பல்தலைவர் மட்டும் முழுப் பீப்பாயைத் தன் பெயரில் வண்டியேற்றிக்கொண்டு போவார், காவலர் அவருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பார்கள். ஹெப்சி இதையெல்லாம் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "சர்க்கர வர்ற அந்தத் தீவுல மனுசனையே திருடிட்டு வந்து வெட்ட வச்ச கரும்பு இது. அதுல கீழ சிந்துனத அள்ளுனா நாம திருடனாம். கேட்டுக்க தம்பி." ஊசியைக்கூட எடுக்காமல்தான் சொன்னாள். அவள் தேநீர் ஏன் கசப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவள் புருஷன் ஏமஸும் நானும் ஒரே கும்பலில் வேலை செய்கிறவர்கள். அவன் பிடிபட்ட அன்று என் பையிலும் சர்க்கரை இருந்தது. படித்துறையில் காவலர் நிற்பதைப் பார்த்ததும் நான் படகோரம் குனிந்து எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டிவிட்டேன். ஏமஸ் கொட்டவில்லை. இரண்டு கை சர்க்கரை, அதுவும் பாதி மண். இன்றைக்கும் அந்தப் படித்துறையில் ஏறும்போது எனக்குக் கூசுகிறது.

மாஜிஸ்திரேட் கெட்டவர் இல்லை. ஏமஸின் கால்சட்டையைக் கோலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பையைத் தைத்தது யார் என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஹெப்சி எழுந்து, நான்தான் என்றாள். அப்படியானால் தைத்தது தப்பு, இனித் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புருஷனை இப்போதே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் அவர். சொல்லித் தொலையேன் அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஏமஸுக்கு நெஞ்சுச் சளி. சிறையின் ஈரத்துக்கு அவன் தாங்குவானா என்று எங்கள் தெருவே பயந்துகொண்டிருந்தது. ஹெப்சி அவனைப் பார்த்தாள். அவன் இருமலை அடக்கிக்கொண்டு, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான்.

"தச்சது நான்தான் ஐயா. தப்புன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள். "ஐயா கோட்டுல நாலு பை இருக்கு. அதத் தச்சவன இங்க கொண்டாந்து நிறுத்துனீங்களா?"

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மூன்று வாரம் என்று எழுதினார்.

வரும் வழியில் ஹெப்சி ஒரே ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். புருஷனை உள்ளே தள்ளிய வாய் என்று தெருவில் சிலர் ஏசினார்கள். அவள் தினமும் விடிந்ததும் சிறை வாசலுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தாள்.

நாளை ஏமஸ் வெளியே வருகிறான். அவனுடைய கால்சட்டையை நேற்றுத் திருப்பிக் கொடுத்தார்கள். பையை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையாகத்தான் கொடுத்தார்கள். இன்று காலை நான் போனபோது அதை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்பக்க ஓட்டையை மூடித் தைத்தாயிற்று. வெளிப்பக்கம், முன்தொடையில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற சிவப்புக் கம்பளித் துணியில் பெரிதாக ஒரு பை. முன்பு உள்ளே இருந்ததை விட ஒரு விரல்கடை அகலம்.

"உள்ள வக்கக் கூடாதுன்னுதானே ஒட்டியிருக்காங்க" என்றாள்.

முஷ்டியை விட்டு நாலு முறை குத்திப் பார்த்தாள். தையல் நின்றது. பிறகு ஆணியிலிருந்து என் நூல் வளையத்தை எடுத்து அறுத்துப் போட்டாள். ஏமஸ் பிடிபட்ட மறுநாளே என் பையை நானே பிரித்து எறிந்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன். அவள் நூல்கண்டிலிருந்து சிவப்பு நூலை ஒரு முழம் இழுத்துப் பல்லால் கடித்தாள்.

"கையை மடக்கு" என்றாள்.

மடக்கி நீட்டினேன்.