ரப்பர் மெஷினில் அச்சான முகம்

ஊர் ஊராகப் போய்ப் படம் அச்சடித்துத் தருபவன் நான்; செமிலிங் ரப்பர் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்குகிறேன். ஜப்பான்காரன் வந்தபிறகு ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் சும்மா கிடக்கிறது. இன்று அதுதான் என் அச்சகம். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன கணவனின் முகத்தை அச்சடித்துத் தரச் சொல்கிறார் இந்தத் தோட்டத்துப் பாக்கியம் அக்கா. போட்டோ கிடையாது. அவர் சொல்லச் சொல்ல, துத்தநாகத் தகட்டில் கிராமபோன் ஊசியால் கீறுகிறேன். நான் வரையும் ஆண்கள் எல்லாரும் என் சாயலில்தான் இருப்பார்கள், பாவம்.

"அவருக்கு மூக்கு இவ்ளோ பெருசு இல்ல தம்பி. இது உங்க மூக்குலா!"

திருத்துகிறேன். வெள்ளைக்காரத் துரையின் பங்களாத் தரையிலிருந்து அறுத்த லினோலிய விரிப்புத் துண்டைச் சட்டை வடிவில் செதுக்கி, சிவப்பு மை தடவித் தாளில் முதலில் ஒற்றுகிறேன். பிறகு அதே தாளை, கீறல்களில் மட்டும் கறுப்பு மை நிற்கும்படி துடைத்த தகட்டின்மேல் வைத்து உருளைக்குள் விடுகிறேன். தாளை உரித்தெடுத்துப் பார்க்கிறேன். அச்சில் இடம் வலம் மாறும் என்பதை இந்த மேதாவி மறந்துவிட்டான். அக்கா சொன்ன இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில் இருக்கிறது.

"வேற போட்டுத் தரேன்க்கா."

"வேணாம் தம்பி. அவரு கண்ணாடி பாத்துத் தலை சீவுறப்ப பின்னால நின்னு பாப்பேன். அதுல இப்படித்தான் தெரிவாரு."

ஈரத் தாளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் தள்ளி நிற்கிறார். உயரமான ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல் குதிகாலைத் தூக்குகிறார்.