கரையாத மருந்து

வயலுக்கு அடிக்கிற புதிய பூச்சிமருந்து தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று எங்கள் ஆய்வுகூடத்தில் அளந்தேன். நாள்கணக்கில் குலுக்கி வடிகட்டினால், மிகக் கொஞ்சம் கரைந்திருந்தது. காலையில் முடிவு கேட்டு அந்த மருந்துக் கம்பனிக்காரர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வாய் திறக்குமுன் கையைத் துடைக்கும் பழக்கம்.

“கரையாது எண்டு எழுதுங்க, தங்கச்சி. வாவிக்கரை வயலுக்கும் விக்கலாம்.”

“கொஞ்சம் கரையுது சேர். வயல்வட்டைத் தண்ணியெல்லாம் வாவிக்குத்தானே போகுது?”

“கொஞ்சமெண்டா இல்லையெண்டுதான்!” என்று சிரித்தார்.

நான் அளந்ததையே எழுதிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார்.

மத்தியானம் அவரும் எங்களோடுதான் சாப்பிட இருந்தார். இறால் கறி வந்தது.

“வாவி இறாலோ?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம் சேர்.”

கறியை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, பருப்போடு சோற்றைத் தின்றார். அவ்வளவு பயந்த மனிசனுக்குக் காலையில் எப்படிச் சிரிப்பு வந்ததோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.