காலர் அக்கா கேட்ட தண்டனை

தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் காலர் அக்கா. சட்டைக் காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடில்லை. தங்கையையும் அங்கேயே பட்டன் தைக்கச் சேர்த்துவிட்டிருந்தாள். துணி திருட்டுப் போகிறதென்று சூப்பர்வைசர் பின்கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போன ஒரு மத்தியானம், இஸ்திரி மேசைப் பக்கம் தீப்பிடித்தது. தங்கை அந்தக் கதவைத் தட்டித் தட்டியே புகையில் செத்தாள்.

வழக்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிழைப்புப் போய்விடுமே! கதவைப் பூட்டவே இல்லை என்று சாதித்துவிட்டு அவன் வெளியே வந்தான்.

அன்றிலிருந்து அவள் ஜெபம் ஒன்றுதான். “மனுஷங்க விட்டுட்டாங்க. நீங்க விடாதீங்க ஆண்டவரே. நான் அழுத மாதிரி அவன் அழணும்.”

ஒருநாள் பக்கத்து மெஷின்காரி குனிந்து கிசுகிசுத்தாள். “கேட்டியா அக்கா? அந்தாளு மகளுக்கு ரத்தத்துல புற்றுநோயாம். தெய்வம் நின்னு கொல்லும்னு சும்மாவா சொன்னாங்க?”

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும். நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. வேலையைப் போட்டுவிட்டுப் போதகரிடம் ஓடினாள்.

“ஐயா, நான் அவனைத்தான் கேட்டேன். அந்தப் புள்ளைய நான் கேக்கவே இல்ல.”

“அப்பன் செஞ்சதுக்குப் புள்ள மேல பழி தீர்க்கிறவர் இல்லம்மா அவர்.”

“அப்போ என் ஜெபத்தை அவர் கேக்கவே இல்லையா? கேட்டிருந்தா நான் கொலைகாரி. கேக்கலைன்னா என் தங்கச்சிக்கு நியாயம் எங்கய்யா?”

“அவனை மன்னிச்சிடும்மா” என்றார் போதகர்.

“அந்த மனசு வந்தா வேணாம்னா சொல்றேன்?”

கால் போன போக்கில் அந்தக் குழந்தை கிடந்த ஆஸ்பத்திரிக்கே போய் நின்றாள். வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அவளைக் கண்டதும் எழுந்து, கும்பிட்ட கையோடு காலில் விழப் போனான். “பூட்டினது நான்தாம்மா. கோர்ட்ல பொய் சொன்னேன். அதுக்குத்தான் கடவுள் இவளை எடுக்கிறார். மன்னிச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, அவர் விட்டுடுவார்.”

கதவிடுக்கில் குழந்தை தெரிந்தது. முடி கொட்டிய தலை; ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. அந்த உயிரை இவள் நாக்கு நுனியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டான் பாவி. என்ன செய்வாள்? “மன்னிச்சேன்” என்றாள். சொன்னது வாய்தான். உள்ளே மனசு கல்லாகவே கிடந்தது.

குழந்தை பிழைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு அவன் தடுமாறிக்கொண்டு அவளிடம் வந்தான். “நீ மனசாரச் சொல்லலையா?”

அவள் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். “இல்ல. மனசாரச் சொல்லல. அதுக்காக உன் புள்ளைய எடுத்திருந்தா அவர் சாமியே இல்ல. என் தங்கச்சிக்காகவும் எடுக்கல. எதுக்கு எடுத்தார்னு எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமா தெரியாது.”

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை நாளாக அவள் கேட்டு மன்றாடிய அழுகை அதுதான். கேட்கச் சகிக்காமல் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவனுக்குத் தண்டனை கேட்டு அவள் முழங்கால் போடவில்லை. மன்னிப்பும் வந்தபாடில்லை. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து “ஆண்டவரே” என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் காலர் துணியை எடுப்பாள்.